ஒரு கார்டுக்கு ஒரு பிள்ளை

போனக்காடு
12 மே 2024

அன்புத் தம்பி மகேஷ்குமாருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் அத்தானுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. நீயும் ஆஷாவும் உன் மகள் திவ்யலட்சுமியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திவ்யாவுக்குக் காது இப்போது நன்றாகக் கேட்கிறதா? குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றவிடாதே.

ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். பொன்செல்வி பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். எல்லாப் பாடத்திலும்! ஒரே வரியை நான் இரண்டு தடவை எழுதியது தெரிந்தேதான். செய்தி வந்தபோது நான், மூடின தோட்டத்தில் நாங்களாகக் கிள்ளி விற்கிற கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்திருந்தேன். இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்று அழுதேன். உன் அத்தான், "என்னத்துக்குட்டி அழுவுத, பிள்ள பாஸாயிட்டாள்லா" என்று அதட்டினார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

விதுரா பள்ளிக்கூடத்து ராஜமணி டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். திருவனந்தபுரத்தில் ஒரு டிரஸ்ட்காரர்கள் நர்சிங் கல்லூரி நடத்துகிறார்களாம். மூடிக் கிடக்கிற தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு நாலு வருடப் படிப்பும் ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். பரம ஏழைகளுக்குக் கொடுக்கிற மஞ்சள் ரேஷன் கார்டு இருக்க வேண்டும். ஒரு கார்டுக்கு ஒரு பிள்ளைதான் என்கிறார்கள். நான் பெற்றதே ஒன்றுதான், பிறகென்ன கவலை!

ஃபாரம், முத்திரை, அட்டஸ்டேஷன் எல்லாம் எனக்கு ஆகிற காரியமில்லை. நீ கிழக்கேகோட்டையில் பத்திரம் எழுதுகிற ஆபீஸில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறாய். ஊரார் நிலத்துக்கெல்லாம் தாள் எழுதுகிறவன் உன் மருமகளுக்கு ஒரு தாள் எழுதமாட்டாயா? அவள் சின்ன வயதிலிருந்தே அப்பா கையைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணுகிறவள். வேறு எந்தப் படிப்புக்கும் அவள் ஆசைப்படவில்லை.

போனில் சொல்லலாம் என்றால், ஃபாக்டரிக்கு மேலே பாறையில் ஏறினால்தான் ரேஞ்ச் ஒரு கோடு வரும். ஏறிப்போய்க் கூப்பிட்டாலும் "ஓகே அக்கா, சரி அக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பதில் எழுதித்தானே தீர வேண்டும். பஸ் கண்டக்டர் ஹரிகுமார் உன் மணக்காட்டுப் பக்கம்தான் குடியிருக்கிறார் என்பதால் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

உன் அக்கா,
மாடம்மாள்

---

மணக்காடு
20 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் ஹரிகுமார் மூலம் கிடைத்தது. பொன்செல்விக்கு என் வாழ்த்தைச் சொல். நம் குடும்பத்தில் இப்படி மார்க் வாங்கியவர்கள் யாரும் இல்லை. அத்தானை விதுரா ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்.

கல்லூரி விஷயம் விசாரித்தேன். உண்மைதான். ஃபாரம் கிடைக்கும். பொன்செல்வியின் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ரேஷன் கார்டையும் அனுப்பி வை. கார்டைத் தனிக் கவரில் போடு. நீ மலையிறங்கி அலைய வேண்டாம். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

திவ்யாவும் பாஸாகிவிட்டாள். மார்க் கொஞ்சம் குறைவு. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

உன் தம்பி,
மகேஷ்

---

போனக்காடு
26 மே 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை தொடங்கிவிட்டது, அட்டையும் தொடங்கிவிட்டது. உங்கள் சௌக்கியத்துக்கு எழுது. திவ்யா பாஸானதை முதலில் எழுதாமல் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாயே, பிள்ளை என்ன திருடிவிட்டா வந்தாள்? மார்க் குறைந்தால் குறையட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் காதுக்குள் எலும்பு அரித்துப் போய், வலியில் துடித்த பிள்ளை அது. பிழைத்துப் படித்ததே பெரிசு. அவளுக்கு என் முத்தம்.

சர்டிபிகேட்டுகளை ஒரு கவரில் போட்டு, பொன்செல்வி நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறாள். மழைத்தண்ணீர் இறங்காது. கார்டு நீ சொன்னபடி தனிக் கவரில்.

அந்தக் கார்டில் திவ்யா பெயரும் இருக்கிறது, மறந்துவிடாதே. ஆபரேஷன் இலவசமாக நடக்க வேண்டும் என்று உன் வெள்ளைக் கார்டிலிருந்து அவள் பெயரை வெட்டி என் மஞ்சள் கார்டில் சேர்த்தாய் அல்லவா? அது அப்படியே கிடக்கிறது. "இடைஞ்சல் வராதா?" என்று ராஜமணி டீச்சர் கேட்டார். "என் தம்பிக்குத் தெரியாத சட்டமா" என்று நான் சொல்லிவிட்டேன். எடுக்க வேண்டுமென்றால் எடுத்துவிடு. இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். கார்டைத் திறக்கிறபோதெல்லாம் எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்று தோன்றும்.

நேற்று டேப் ஒட்டும்போது பொன்செல்வி, "அம்மா, நீ ஏன் ஏழாம் வகுப்போடு நின்றாய்?" என்று கேட்டாள். அம்மா செத்தபோது உனக்கு ஐந்து வயது, மூக்கொழுக்கிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்தபடி நிற்பாய் என்று சொன்னேன். கூடையை எடுத்துக்கொண்டு நான் மலைக்குப் போனால்தான் உன்னை ஸ்கூலுக்கு அனுப்ப முடியும் என்ற கதையெல்லாம் சொன்னேன். "மாமாவா மூக்கொழுக்கினார்?" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டு ராத்திரி வரை சிரித்தாள். வந்தால் உன்னைக் கேலி செய்வாள், தயாராக இரு.

அக்கா,
மாடம்மாள்

---

மணக்காடு
10 ஜூன் 2024

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

விண்ணப்ப வேலை நடந்துகொண்டிருக்கிறது. கார்டில் ஒரு பெயர் கூடுதலாக இருப்பதால் கார்டு உடமைக்காரர் என்ற முறையில் நீங்கள் ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கான தாளை நானே டைப் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டு அன்றே ஹரிகுமாரிடம் திருப்பிக் கொடுக்கவும். தாமதித்தால் நாள் கடந்துவிடும்.

அத்தானின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகேஷ்குமார்

---

போனக்காடு
16 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. நான் எப்போதிருந்தடா "நீங்கள்" ஆனேன்? "அக்கா அவர்களுக்கு" என்று வேறு போட்டிருக்கிறாய். ஆபீஸில் வக்கீலுக்கு எழுதுகிற தாளை மாற்றி எனக்கு அனுப்பிவிட்டாயோ என்று முதலில் நினைத்தேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியது கிடைத்திருக்கும். பஸ் வந்து திரும்புகிற பத்து நிமிடம்தான் நேரம். பொன்செல்வி நேரத்துக்கு விதுரா துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள், லீவு முடிகிறவரைக்கும் போகிறாள். அவள் இருந்தால் வாசித்துக் காட்டியிருப்பாள். எனக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். "சேச்சி, வேகம் கையொப்பிடணும், ஞான் பெல் அடிக்கப் போறேன்" என்று ஹரிகுமார் அவசரப்படுத்தினார். பஸ் படியில் தாளை வைத்து, நீ வைத்த புள்ளியின் மேலேயே போட்டேன். கோணல்மாணலாக இருந்தால் டிரைவரைத் திட்டு, அவர்தான் எஞ்சினை உறுமவிட்டார்.

இன்டர்வியூ எப்போது என்று எழுது. பொன்செல்வி துணிக்கடைச் சம்பளத்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கிவிட்டாள். நர்சுக்கு வெள்ளையா கறுப்பா என்று அப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டு நாளாகச் சண்டை. திவ்யாவிடம் கேட்டு எழுது.

அக்கா

---

போனக்காடு
14 ஜூலை 2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று உண்மையாகவே கேட்கிறேன், ஏனென்றால் ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்கு ஏதாவது உடம்புக்கு வந்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பக்கத்து லயத்து வீட்டு வேலப்பனின் போனை வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை பாறைக்கு ஏறினேன். வழுக்கி முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். ஆஷா எடுத்து, "சேட்டன் குளிக்கிறார், அக்கா" என்றாள். வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு. நான் அரைமணி நேரம் மழையில் நின்று மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் நீ குளித்து முடிக்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ராஜமணி டீச்சர் சொல்கிறார், டிரஸ்ட் கல்லூரியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், சர்க்கார் அலாட்மென்ட்டுக்கும் போட்டு வைக்கலாம் என்று. இருபதாம் தேதியோடு முடிகிறதாம். சர்டிபிகேட் எல்லாம் உன்னிடம் இருக்கிறது. ஹரிகுமாரிடம் கொடுத்து அனுப்பு. நாளைக்கே அனுப்பு.

பொன்செல்வி ஒன்றும் கேட்பதில்லை. பஸ் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்குப் போய்விட்டு வருகிறாள்.

அக்கா

---

மணக்காடு
24 ஜூலை 2024

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நலமே. ஆபீஸில் வேலை அதிகம். அதனால்தான் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

கல்லூரி லிஸ்ட் தாமதமாகிறது. இந்த வருடம் கிடைக்காமல் போனாலும் அடுத்த வருடமும் இந்தத் திட்டம் இருக்கும் என்று சொல்கிறார்கள். அதுவரை பொன்செல்வி வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். கழக்கூட்டத்தில் ஐ.டி. பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களில் உதவிக்கு ஆள் கேட்கிறார்கள். நல்ல இடம். சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. வேலப்பன் மகள் செல்வமணியும் அங்கே ஒரு ஹாஸ்டலில்தானே சமையல் பார்க்கிறாள்? துணைக்கு ஆள் இருக்கிறது.

சர்டிபிகேட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது அனுப்புகிறேன். பொன்செல்விக்கு ஒரு சுரிதார் ஹரிகுமாரிடம் கொடுத்து விட்டிருக்கிறேன்.

மகேஷ்குமார்

---

கழக்கூட்டம்
12 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பா மாத்திரையை ராத்திரி மட்டும்தான் சாப்பிட வேண்டும், காலையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி விழ வேண்டாம் என்று சொல். தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போனது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் செல்வமணி அக்காவின் ஹாஸ்டலில், அவள் அறையில் இருக்கிறேன். மாமா வீட்டில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சர்டிபிகேட்டை வாங்கி வா என்று நீ அனுப்பியபடி சனிக்கிழமை மணக்காட்டுக்குப் போனேன். மாமா ஆபீஸில் இருந்தார். அத்தை உள்ளே போய் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா, நான் ஒட்டிய டேப் நாலு பக்கமும் அப்படியே இருந்தது. யாரும் அதைப் பிரிக்கவே இல்லை. கார்டு எங்கே என்று கேட்டேன். "அது மாமன்டெ கையில உண்டு" என்றார். திவ்யா எங்கே என்று கேட்டேன். ஏதோ கோச்சிங்குக்கு ஹாஸ்டலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இன்றைக்கு நான் நேராகக் கல்லூரிக்கே போனேன். ஆபீஸில் பார்வதியம்மாள் என்று ஒரு வயதான மேடம். நல்லவர். நம் கார்டு நம்பர் எனக்கு மனப்பாடம், அதைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "இந்தக் கார்டில ஒரு குட்டிக்கு அட்மிஷன் கொடுத்தாச்சே மோளே. திவ்யலட்சுமி. நின்டெ அனியத்தியா?" என்று கேட்டார், என் தங்கையா என்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

தோட்டத்துப் பிள்ளைகள் மொத்தம் ஆறு பேர்தான் விண்ணப்பித்தார்களாம். ஆறு பேருக்கும் கிடைத்திருக்கிறது. என் பெயரில் விண்ணப்பமே வரவில்லை. பிறகு ஃபைலை எடுத்து ஒரு தாளைக் காட்டினார். மலையாளத்தில் டைப் செய்திருந்தது. நான் முழுதும் வாசித்தேன். "என் தம்பி மகள் திவ்யலட்சுமி என் வீட்டில் என் பொறுப்பில் வளர்கிறாள். என் கார்டின் பேரில் கிடைக்கும் சீட்டை அவளுக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம்." கீழே இரண்டு இடத்தில் உன் கையெழுத்து.

உன் கையெழுத்துதான் அம்மா. எனக்குத் தெரியாதா? என் எல்லா மார்க் ஷீட்டிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெரிந்துதான் போட்டாயா? பஸ் படியில் போட்டேன், வாசிக்கவில்லை என்று என்னிடம் அன்றைக்குச் சொன்னாய். அது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் மாமாவுக்காக என்றால் நீ எதைத்தான் கொடுக்கவில்லை? உன் படிப்பைக் கொடுத்தாய். அம்மாச்சியின் கம்மலை அவர் கல்யாணத்துக்குக் கொடுத்தாய். கார்டில் இடம் கொடுத்தாய். இதையும் கொடுத்துவிட்டு என்னிடம் சொல்ல முடியாமல் இருக்கிறாயோ என்று அந்தத் தாளைப் பார்த்தபோது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். இதை எழுதாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

பார்வதியம்மாள் ஒன்று சொன்னார். கார்டு உடமைக்காரர் நேரில் வந்து, இந்தத் தாளில் உள்ளது உண்மையில்லை என்று எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்களாம். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. ஹாஸ்டல் மட்டும் திறந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் வர வேண்டும். ஆனால் திவ்யாவின் சீட் போய்விடும். பொய்யாகப் பெயர் வைத்திருந்ததற்கு நம் மஞ்சள் கார்டையும் பிடுங்கிக்கொள்ளலாம்.

வா என்றோ வராதே என்றோ நான் சொல்லமாட்டேன்.

பொன்செல்வி

---

மணக்காடு
16 ஆகஸ்ட் 2024

அக்கா,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. பொன்செல்வி கல்லூரிக்குப் போனது தெரிந்துவிட்டது. அவள் வந்து விசாரித்ததை ஹாஸ்டலில் கேள்விப்பட்டுத் திவ்யா போன் செய்து அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அத்தை சம்மதித்துக் கொடுத்த சீட் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மூன்று நாள் பொன்செல்வி பெயரில்தான் ஃபாரத்தை நிரப்பி வைத்திருந்தேன். சத்தியமாக. மேஜையில் கார்டு கிடந்தது. ஆஷா அதைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இவிடெயும் ஒரு பெண்குட்டி உண்டல்லோ." அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

நீ நினைப்பதுபோல் நான் வசதியாக இல்லை, அக்கா. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவன், அவ்வளவுதான். திவ்யாவுக்கு இரண்டு பாடத்தில் சி. பணம் கட்டிச் சேர்க்க வழியில்லை. இதை விட்டால் அவளும் ஏதாவது ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவப் போவாள். நான் மலையிறங்கி வந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். பொன்செல்வி அப்படி இல்லை. எல்லாவற்றிலும் ஏ பிளஸ் வாங்கியவள் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள். கெட்டிக்காரப் பிள்ளை ஒரு வருடம் காத்திருக்கலாம். என் பிள்ளைக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாய், அது எனக்குத் தெரியும். எனக்காகப் படிப்பையே தியாகம் செய்தவள் நீ. கேட்கத்தான் எனக்கு முகம் இல்லை.

காலில் விழுந்து கேட்கிறேன், கல்லூரிக்குப் போகாதே. நான் டைப் செய்த தாள் அது. விஷயம் வெளியே வந்தால் பத்திர ஆபீஸில் ஒரு நாள்கூட என்னை வைத்திருக்கமாட்டார்கள். அடுத்த வருடம் பொன்செல்வியை நானே எங்காவது சேர்த்துவிடுகிறேன்.

உன் தம்பி,
மகேஷ்

---

போனக்காடு
21 ஆகஸ்ட் 2024

மகேஷ்குமாருக்கு,

உன் சுகத்தை நான் கேட்கவில்லை. கேட்டால் அது ஒப்புக்குக் கேட்டதாகிவிடும். உனக்கு நான் ஒருநாளும் ஒப்புக்கு எழுதியதில்லை.

மூன்று நாள் பொன்செல்வி பெயரில் ஃபாரம் நிரப்பி வைத்திருந்தேன் என்று சத்தியம் செய்கிறாய். அவள் ஒட்டிய டேப்பைக்கூட நீ பிரிக்கவில்லை. எதைப் பார்த்துடா நிரப்பினாய்? காலில் விழுகிற கடிதத்திலாவது ஒரு பொய்யைக் குறைத்திருக்கலாம். "கார்டைத் தனிக் கவரில் போடு" என்று மே மாதமே எழுதினாயே, அப்போதே உன் மனதில் எல்லாம் முடிந்துவிட்டது.

கெட்டிக்காரப் பிள்ளை காத்திருக்கலாம் என்கிறாய். நன்றாகப் படித்ததற்கு இதுதான் கூலியா? மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து, அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டு அவள் வாங்கிய ஏ பிளஸ்ஸை, அவளைத் தள்ளிவிடுவதற்கு ஒரு காரணமாக நீ ஆக்கிவிட்டாய். கழக்கூட்டத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை உன் மகளுக்கு வந்தால் வாழ்க்கை பாழ். என் மகளுக்கு அது "நல்ல இடம்". உன் கையெழுத்தில்தான் இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் தியாகம் செய்ததாக எழுதியிருக்கிறாய். அம்மா செத்தபோது என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கங்காணி வந்து கூடையைக் கொடுத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. நீ நன்றாக வந்த பிறகு நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அக்காவிடம் இருப்பதெல்லாம் எடுத்துக்கொள்ளத்தான் என்று நீ படித்துக்கொண்டாய்.

என்னை ஏமாற்றினாய், அதைக்கூட ஆறவிட்டுவிடுவேன். என் மகள் என்னைப் பார்த்து "தெரிந்துதான் போட்டாயா?" என்று கேட்கிறாள். பதினெட்டு வருடம் என்னோடு ஒரே பாயில் படுத்த பிள்ளை. அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தது நீ. எனக்கு நெஞ்சு எரிகிறது, மகேஷ். நீ பிறந்ததிலிருந்து உன்மேல் எனக்கு இப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறாய். கொடுத்திருக்கமாட்டேன். அது உனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கல்லூரிக்குப் போகிறேன். கார்டு போனால் போகட்டும். உன் வேலையை நினைத்து நான் பயப்பட வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

மாடம்மாள்

---

போனக்காடு
21 ஆகஸ்ட் 2024, சாயங்காலம்

என் தங்கம் பொன்செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பா மாத்திரையை ராத்திரிதான் சாப்பிடுகிறார், நீ கவலைப்படாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வேலப்பன் நாளைக்குச் செல்வமணியைப் பார்க்கக் கழக்கூட்டம் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உனக்கு சீட் கிடைப்பதற்கான தாள் என்று நினைத்துத்தான் போட்டேன். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் நடந்தது.

மாமாவுக்கும் இன்றைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அதே வரியை உனக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அவன் மே மாதமே வந்து, இந்த வீட்டில் உட்கார்ந்து, "அக்கா, திவ்யாவுக்கு வேறு வழியில்லை" என்று அழுதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டு உன்னிடம் வந்து, நீ கெட்டிக்காரி, ஒரு வருடம் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். அவன் எழுதியதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேலேயே வந்த கோபம். நீ என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லை, மோளே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்டு போனால் அரிசிக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். நீ கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் வந்து நில். அந்த மேடத்திடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். உன் கவரையும் எடுத்துக்கொண்டு வா.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலிலிருந்து திவ்யாவைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்துவார்கள். அவள் அத்தை என்று சொல்லி அழுவாள். ஆபரேஷன் அன்றைக்கு அந்தப் பிள்ளை என் கையைத்தான் பிடித்திருந்தாள். அப்போது எனக்கு வாய் வராமல் போய்விட்டால், நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டால், நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. எனக்காகக் காத்திருக்காதே. நீயே சொல்லிவிடு.

உன் அம்மா,
மாடம்மாள்